புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்?

காரைக்குடிப் பக்கம் ஒரு டிரஸ்ட்ல பேர் இருந்தாலே தனி மரியாதைதான். ஆனா அந்த டிரஸ்ட் குழந்தைகள் இல்லம் நடத்துதுன்னா, கணக்குல கையெழுத்துப் போடுறதோட டிரஸ்டி வேலை முடியாது.

தமிழ்நாட்டு இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய விவகாரம் 2007-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. தீர்ப்பு வந்தது 2017 மே மாதம். 2007-ல் எட்டு வயசா இருந்த பிள்ளைக்குத் தீர்ப்பு வந்தப்ப பதினெட்டு! அதனால நீதிமன்றத்துக்கு முன்னாடியே டிரஸ்டிகள் கேட்கணும்.

முதல் கேள்வி: 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவாகியிருக்கா? இல்லைன்னா பொறுப்பானவங்களுக்கு ஓராண்டு வரை சிறை, இல்லை குறைஞ்சது ஒரு லட்சம் அபராதம், இல்லை இரண்டுமே.

அடுத்தது, புகார்ப் பெட்டி. 2016 மாதிரி விதிகள்படி அதன் சாவி இல்லப் பொறுப்பாளர்கிட்ட இருக்கக் கூடாது. மேலாண்மைக் குழுத் தலைவர்கிட்ட இருக்கணும். வாரந்தோறும் பிள்ளைகள் குழு முன்னால திறக்கணும். யார்மேல புகாரோ, அவங்க கையிலேயே சாவி இருந்தா எந்தப் பிள்ளை எழுதும்?

டிரஸ்ட் கூட்டத்துல வரவு செலவு வாசிக்கிற மாதிரி, பிள்ளைகள் பேரைச் சொல்லாம, என்ன புகார் வந்துச்சு, என்ன செஞ்சோம்னும் வாசிக்கணும்.

பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட இல்லத்துக்குப் போறீங்களா? அந்தப் பெட்டியைக் கடைசியா எப்ப திறந்தாங்கன்னு கேட்டுட்டு வாங்க.