திருவிழாக் கடையில் துணைநிற்போர்

மட்டக்களப்பு வாவி நிலத்தை இரு கரைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் மறையும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையிலே, மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கிரான்குளத்துக்கும் செட்டிபாளையத்துக்கும் இடையே அமைந்த ஊர் குருக்கள்மடம். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியின் மறுகரையில் அம்பிளாந்துறை. இவ்விரு துறைகளையும் இணைப்பது, அப்பகுதி மக்கள் 'பாதை' என்று வழங்கும் மிதவை. நடந்து வருவோரையும், சைக்கிளையும், மோட்டார் சைக்கிளையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் அந்தப் பாதை, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்குத் திருவிழா நடைபெறும் ஆவணியில், அடியார்களோடு கடைக்காரர்களையும் அக்கரை சேர்க்கும். மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னர் பெருஞ்சுமைகளுக்கு வேறு வழி உண்டாயிற்று. எனினும், துறையருகே வாழ்வோருக்குப் பாதையே கிட்டிய வழி.

திருவிழா என்றதும் தேர் நினைவுக்கு வரும். அதனையடுத்து நினைவுக்கு வருவது கச்சான் கடை. நிலக்கடலையை ஈழத்தவர் கச்சான் என்பர். தென்மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி வந்து, கிழக்குக் கரையை வறட்டும் வெப்பக் காற்றுக்கும் அங்கே கச்சான் என்றே பெயர். காற்றும் கடலையும் ஒரே பெயரைச் சுமந்துகொண்டு ஒரே பருவத்தில் அங்கே கூடுவது ஒரு வேடிக்கை அல்லவா?

இத்தகைய கடை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நான்கு கம்பு, ஒரு கூரைத் துணி, ஒரு பலகை. கச்சான், தேன்குழல், அலுவா, முறுக்கு எனப் பண்டங்கள் குவிந்திருக்கின்றன. முதலாளி என்று சொல்லத்தக்க செல்வர் எவரும் இல்லை. வீட்டிலிருந்த நகை அடகுக்குப் போய், அந்தப் பணம் பண்டமாகி நிற்கிறது. சில நாட்களுக்குள் பண்டம் மீண்டும் பணமாக வேண்டும். ஆகவில்லையானால், மீந்தது இனிப்பாயின் எறும்புக்கு. கச்சானாயின் வாவியிலிருந்து வரும் இரவுக் குளிர்ச்சியில் நமர்த்து, மொறுமொறுப்பு இழந்து, கேட்பாரற்றுப் போகும். இதுவே கடைக்காரரின் அச்சம்.

அக்கடையில் உதவிக்கு நிற்பவர் பெரும்பாலும் உறவினரே. மாமன் கடை என்றால் மருமகன் நிற்பான். அவனுடைய வேலை எளிதென்று பார்ப்பவர் எண்ணக்கூடும். பொழுது சாயுமுன் அடுப்பு மூட்டி, இரும்புத் தாச்சியில் மணலைச் சூடேற்ற வேண்டும். மணல் வெப்பத்தை எங்கும் ஒரே சீராகப் பரப்புவதால் கடலை கருகாமல் உள்வரை வறுபடும். கைவிடாது கிண்டினால்தான் பதம் தவறாது. பின்னர் சல்லடையில் மணலைப் பிரித்து, சூடு ஆறிய பிறகே தகரத்தில் அடைத்து மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். மறுநாள் அத்தகரம் முழுவதும் வீண்.

பூசை முடிந்து கூட்டம் வெளிப்படும்போது அவனுக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. ஒரு கையில் சுண்டு. மறுகையில் கடதாசிச் சுருள். பத்துப் பேர் ஒரே வேளையில் கேட்கின்றனர். விளக்கொளி மங்கல்; பறையும் நாதசுவரமும் காதை நிறைக்கின்றன. சுண்டுக்குள் பெருவிரலைச் சற்றே நுழைத்து அளந்தால் யார் காண்பார்? நேற்றைய தகரத்திலிருந்து பாதியும் இன்றையதிலிருந்து பாதியும் கலந்தால் யார் அறிவார்? வாங்குபவரோ பல கல் தொலைவிலிருந்து வந்தவர். நாளை அவர் இவ்வழி வரப்போவதில்லை. ஊர்க் கடையில் ஏமாற்றினால் மறுநாளே வாடிக்கை கெடும். திருவிழாக் கடையில் அந்தத் தடை இல்லை. ஆகவே, நேர்மைக்கு அங்கேதான் இடர் மிகுதி.

இலங்கையில் இதற்குச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. உணவுக்கென 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டமும், அளவீடுகளுக்கென 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பண்டங்களைப் பார்வையிடுவதும் உண்டு. ஆயினும், ஒவ்வொரு சுண்டுக்கும் ஒரு பரிசோதகரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது.

கூட்டம் கூடுமிடத்திலெல்லாம் கடை கூடுவது உலக வழக்கம். ஸ்கொட்லாந்திலே ஃபோர்ட் வில்லியம் நகரைச் சூழ்ந்த மலைகளில், மே மாதந்தோறும் மோட்டார் சைக்கிள் போட்டி ஒன்று ஆறு நாட்கள் நடைபெறுகிறது. 'டிரையல்ஸ்' எனப்படும் அவ்வகைப் போட்டி வேகத்தைப் பொறுத்ததன்று. பாறையிலும் ஓடையிலும் நிலைகுலையாது வண்டியைச் செலுத்தும் திறனே அதில் வெற்றி தரும். கால் ஒருமுறை நிலத்தைத் தொட்டால் ஒரு குற்றப்புள்ளி. அதனைக் குறிக்க ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கண்காணிப்பாளர் நிற்பார். கொக்கட்டிச்சோலைக் கடையில் சுண்டு பிடித்து நிற்கும் மருமகனுக்கும் நிலைகுலையாமையே சோதனை. ஆனால், அவன் கால் ஊன்றியதைக் குறித்துக்கொள்ள அங்கே எவரும் இல்லை.

எவரும் இல்லை என்பதும் முழு உண்மையன்று. அடியார் அடுத்த ஆண்டும் வருவர். 'சென்ற முறை அந்த மரத்தடிக் கடையில் வாங்கிய கச்சான் நன்றாயிருந்தது' என்று தேடி வருவோர் உண்டு. 'அந்தப் பக்கம் போகாதே' என்று பிள்ளையின் கையைப் பிடித்து விலக்குவோரும் உண்டு. புகார் நகர வணிகர், கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்தனர் என்று பட்டினப்பாலை அவர்களைப் பாராட்டுகிறது. அவர்களும் கடல் கடந்து வந்துபோகும் அந்நியரோடு வாணிகம் செய்தவர்களே. மீண்டும் காண்போமோ என்று அறியாத ஒருவருக்கும் அளவு குறையாமல் கொடுத்ததனாலேயே அப்பெயர் நிலைத்தது.

அனுபவமுள்ள மாமன், கணக்குக்கு முன் மருமகனுக்குக் கற்பிப்பது அளக்கும் முறையை. "சுண்டை நிறைச்சுப் போட்டு, மேல ஒரு பிடி வை. பிள்ளையள் கேட்டால் அந்தப் பிடியைக் கொஞ்சம் பெரிசாக்கு" என்பார். அந்த ஒரு பிடியினால் இலாபம் சிறிது குறையும். தகரம் விரைவில் காலியாகும். நமர்த்துப் போவதற்கு மிச்சம் இராது. அறமும் ஆதாயமும் ஒரே சுண்டில் அடங்குவதை அவன் அங்கே கற்றுக்கொள்கிறான்.

திருவிழா முடிந்ததும் கம்புகள் பிடுங்கப்படும், துணி சுருட்டப்படும். அம்பிளாந்துறையில் வெறுந் தகரங்களோடு பாதைக்குக் காத்திருக்கும்போது, மாமன் சில்லறையை எண்ணி, அடகுக்குரியதை முதலில் தனியே முடிந்துகொள்கிறார். மருமகன் ஒன்றும் கேட்பதில்லை; தகரங்கள் ஓசையிடுவதிலிருந்தே அவனுக்கு விளங்கிவிடுகிறது. பாதை குருக்கள்மடத்தை நோக்கி மெல்ல நகர்கிறது.