கரையின் கடமை



தம்பானூரில் புகைவண்டியைவிட்டு இறங்கி இந்நகரிற் குடியேறிய நமக்குக் கடல் மாலைநேரக் காட்சி. பூந்துறையிலும் விழிஞ்சத்திலும் வாழ்வோருக்கோ அதுவே வயல். 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் உருவெடுத்தபோது அவர்களிற் பலர் முன்னரே கடலில் இருந்தனர். கரையில் ஒலித்த எச்சரிக்கை அவர்கள் செவிக்கு எட்டவில்லை. இக்கரையிலும் குமரி மாவட்டத்திலும் எத்தனையோ இல்லங்கள் இருண்டன.

அத்துயர் ஆறுமுன்னரே, 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் இக்கரை மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, பத்தனந்திட்டை, ஆலப்புழை மாவட்டங்களில் தத்தளித்தோரைக் காத்தனர். அக்கடனை எவ்வாறு தீர்ப்போம்?

அரபிக்கடல் வெப்பமேறி வருகிறது. புயல்கள் விரைவில் வலுப்பெறுகின்றன. நாவிக் செயற்கைக்கோள் வழியே நடுக்கடலுக்கும் எச்சரிக்கை அனுப்பும் கருவி இன்று உண்டு. அஃது ஒவ்வொரு படகிலும் பழுதின்றி இயங்கவேண்டும். கடலுக்குச் செல்வோர் பெயரும் திரும்பும் நாளும் கரையிற் பதிவாகவேண்டும். இன்றேல் தேடுவோர் யாரைத் தேடுவர்?

குமரிக்கரையில் தமிழ், இக்கரையில் மலையாளம், புயலுக்கு எல்லை இல்லை. இருமொழியும் அறிந்த நாம் இரு கரைக்கும் செய்தி சேர்க்கும் பாலமாவோம். அதுவே நம் சங்கத்தின் கடமை.