வழங்கியைக் காக்கக் கற்றேன்



'சர்வர்' என்னும் சொல்லுக்கு எங்கள் இளமைக் காலத்தில் ஒரே பொருள்தான் உண்டு. உணவு விடுதியில் தோளில் துண்டுடன் வந்து நின்று, வேண்டுவது யாதெனக் கேட்டு, உள்ளே சென்று அதனைக் கொண்டுவந்து இலையில் வைப்பவரே சர்வர். 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' திரைப்படத்தில் நாகேஷ் அவர்கள் ஏற்ற வேடமும் அதுவே. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் உங்கள் நினைவுக்கு வருவது வேறு. எனினும் வேலை என்னவோ அதேதான். உங்கள் கைப்பேசி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. எங்கோ இருக்கும் ஒரு கணிப்பொறி அதனை எடுத்து அனுப்புகிறது. கலைச்சொல் அமைத்தோர் இக்கணிப்பொறியை 'வழங்கி' என்றனர். 'சேவையகம்' என்பாரும் உளர். எனக்கு 'வழங்கி' பிடித்திருக்கிறது. சொல் சிறியது, பொருளும் வெளிப்படை.

இந்த வழங்கியை மேலாளும் கலையை, அதிலும் உயர்நிலைப் பாடத்தை, ஒரு கல்லூரியின் மாலை வகுப்பில் ஐந்து திங்கள் கற்றேன். அப்போது எனக்கு வயது அறுபத்து நான்கு. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நான் கணித ஆசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின், எங்கள் பள்ளியின் பழைய ஆண்டு மலர்களையெல்லாம் படமெடுத்து ஒரு வலைத்தளத்தில் ஏற்றும் வேலையை மேற்கொண்டேன். தளத்தை அமைத்துத் தந்தவர் முன்னாள் மாணவர் ஒருவர். அவர் வேலை கிடைத்து அயலூர் சென்றார். சில மாதங்களில் ஒரு நாள், தளத்தைத் திறந்தவர்க்கெல்லாம் 'இது பாதுகாப்பற்றது' என்னும் எச்சரிக்கையே தோன்றிற்று. நான்கு நாள் அலைந்த பின்னரே காரணம் தெரிந்தது. தளம் தன்னை இன்னார் என்று காட்டுவதற்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. எங்கள் சான்றிதழின் ஆயுள் தொண்ணூறு நாள். அதைப் புதுப்பிக்க ஆளில்லாமல் அது காலாவதியாகிவிட்டது. பள்ளிக் கதவின் பூட்டு இறுகினால் எண்ணெயிடத் தெரிந்த எனக்கு, இந்தப் பூட்டுக்கு மட்டும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது பிடிக்கவில்லை. தொடக்கநிலைப் பாடத்தை முதலில் முடித்துக்கொண்டு, பின் உயர்நிலைப் பாடத்தில் சேர்ந்தேன்.

வகுப்பில் நாங்கள் பதினேழு பேர். பதினாறு பேருக்கு வயது இருபதைச் சுற்றி. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும், யாரோ மேலதிகாரி பார்வையிட வந்திருக்கிறார் என்று எண்ணி அனைவரும் எழுந்து நின்றுவிட்டனர். நான் சென்று கடைசிப் பெஞ்சில் அமர்ந்த பின்புதான் அவர்கள் அமர்ந்தார்கள். ஆசிரியை என் மகளினும் இளையவர். அவர் என்னை 'ஐயா' என்பார். நான் அவரை 'அம்மா' என்பேன். வகுப்பு நடத்தும் திறத்தில் அவர் எனக்கு மூத்தவர் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டேன்.

அவர் பாடத்தை ஒரு சிறு துண்டுத்தாளிலிருந்து தொடங்கினார். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் 1989-இல் வலைக்கான திட்டத்தை எழுதினார். 1990-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒரு நெக்ஸ்ட் கணிப்பொறியில் உலகின் முதல் வலை வழங்கியை இயக்கினார். அந்தப் பெட்டியின்மேல், 'இது வழங்கி, அணைத்துவிடாதீர்கள்' என்னும் கருத்தைச் சிவப்பு மையால் எழுதி ஒட்டி வைத்தார். "அந்தத் தாளுக்கு விரிவுரைதான் இந்த ஐந்து மாதமும்" என்றார் ஆசிரியை.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த விதி. அதன்படி நான் ஒவ்வொரு பாடத்தையும் வீட்டுக்கு வந்து எனக்கு நானே மறுபடி நடத்திக்கொள்வேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். திருமணப் பந்தி ஒன்றை எண்ணிப் பாருங்கள். நூறு இலைகள். இலைக்கு ஒருவராக நூறு பேர் நின்று பரிமாறினால் என்ன ஆகும்? உண்பவர் மெதுவாக உண்டாலும், பேசிக்கொண்டே சும்மா இருந்தாலும், அவருக்குரிய ஆள் அங்கேயே நிற்பார். நூறு இலை ஆயிரமானால் சமையற்கட்டில் நிற்கவே இடமிராது. 1995-இல் வெளிவந்த அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருள் தொடக்கத்தில் ஏறக்குறைய இம்முறையில்தான் வேலை செய்தது. ஓர் இணைப்புக்கு ஓர் ஆள். ஒரே நேரத்தில் பதினாயிரம் பேர் வந்தால் என் செய்வது என்னும் சிக்கலை டான் கெகல் என்பவர் 1999-இல் எழுதி விவாதத்துக்கு வைத்தார். உருசிய நாட்டு இகோர் சிசோயெவ் 2002-இல் எழுதத் தொடங்கி 2004-இல் வெளியிட்ட எஞ்சின்-எக்ஸ், வேறு வழியில் சென்றது. நம் ஊர்ப் பந்தியில் நடப்பதுதான் அந்த வழி. சாம்பார் வாளியுடன் ஒருவர் வரிசை நெடுகச் செல்கிறார். எந்த இலை கேட்கிறதோ அங்கே ஊற்றுகிறார். எவருக்காகவும் காத்து நிற்பதில்லை. சில ஆட்களே பல்லாயிரம் இலையைக் கவனித்துவிடுகிறார்கள். பின்னாளில் அப்பாச்சியும் இம்முறையைத் தனக்கேற்ப அமைத்துக்கொண்டது. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் தளங்கள் திணறுவதைப் பார்த்துச் சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இப்பாடத்துக்குப் பின் சலிப்பு சற்றுக் குறைந்தது. சமையற்கட்டின் நிலை புரிந்தது.

ஒரே கணிப்பொறியில் பல தளங்களைக் குடிவைப்பது, ஒரு பழுதின் அடையாள எண்ணைக் கொண்டு நோயை அறிவது ஆகியவற்றையும் கற்றோம். 404 என்றால் கேட்ட பொருள் இல்லை; 403 என்றால் தர அனுமதி இல்லை; 502 என்றால் முன்னே நிற்பவர் நலம், உள்ளே சமைப்பவரிடமிருந்து சரியான விடை வரவில்லை.

என் மனத்தைக் கவர்ந்தது அனுமதிக் கணக்கு. கோப்பைப் படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரியவர், குழுவினர், பிறர் என மூவருக்கு மூன்று இலக்கங்கள். 644 என்றால், உரியவர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இரு சாராரும் படிக்க மட்டும் செய்யலாம். 4, 2, 1 ஏன்? 3, 2, 1 என்று வைத்தால் ஆகாதா? ஆகாது. 2-உம் 1-உம் கூடினால் 3. அந்த 3 எதனைக் குறிக்கிறது என்று தெரியாமற் போகும். 4, 2, 1 என்னும்போது எந்தச் சேர்க்கையின் கூட்டுத்தொகையும் மற்றொன்றோடு மோதுவதில்லை. இதை வகுப்பில் எழுந்து சொன்னேன், பழக்கம் விடவில்லை. ஆசிரியை சிரித்துக்கொண்டே சுண்ணக்கட்டியை என்னிடம் நீட்டினார். ஏதேனும் திறக்கவில்லையென்றால் மாணவர்கள் உடனே 777 என்று இட்டு, எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுவர். அதைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

அனுமதிக் கணக்கில் இவ்வளவு பெருமை கொண்ட நான் செய்த பிழையை இனிச் சொல்லவேண்டும்.

முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புவதற்காக ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன். 412 பேருடைய பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் அதில் இருந்தன. வீட்டிலிருந்து பள்ளிக்கு எடுத்துச்செல்ல வசதியாக இருக்குமென்று அதனை எங்கள் வழங்கியிலேயே, ஆண்டு மலர்களுக்குப் பக்கத்தில், ஓர் அடைவில் வைத்தேன். எந்தப் பக்கத்திலும் அதற்கு இணைப்புத் தரவில்லை. ஆகவே எவர் கண்ணிலும் படாது என்று எண்ணினேன். எங்கள் வழங்கியில் இருந்தது டெபியனோடு வரும் அப்பாச்சி. ஓர் அடைவில் முகப்புப் பக்கம் இல்லையெனில், உள்ளே உள்ளவற்றையெல்லாம் வரிசையாகக் காட்டும்படியே அங்கு வலை அடைவுக்கு முன்னமைவு இருக்கிறது. எஞ்சின்-எக்ஸில் இவ்வசதி, நாமே கேட்டாலன்றி, அணைந்தே இருக்கும். இந்த வேறுபாடு எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

பத்தாம் வாரத்தில், ஒவ்வொருவரும் பக்கத்தில் அமர்ந்தவரின் தளத்தைச் சோதிக்கவேண்டும் என்று பயிற்சி தந்தார்கள். என் தளம் ஒரு மாணவியின் பங்குக்கு வந்தது. அவர் வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் சென்ற பின் அருகில் வந்து, "ஐயா, உங்கள் தளத்தில் ஓர் அறை திறந்திருக்கிறது. அங்கே வைத்துச் சொல்ல மனம் வரவில்லை" என்றார்.

பட்டியலை அன்று மாலையே நீக்கினோம். அடைவைக் காட்டும் அமைப்பை அணைத்தோம். பிறகு ஆசிரியையும் நானும் வருகைக் குறிப்பைத் திறந்து அமர்ந்தோம். வழங்கி தன்னிடம் வந்தவர் ஒவ்வொருவரையும் ஒரு வரியில் எழுதி வைக்கும். எந்த எண்ணிலிருந்து, எந்த நொடியில், எதைக் கேட்டார், எத்தனை பைட்டுகள் கொண்டுசென்றார் என்பன அவ்வரியில் இருக்கும். அந்தப் பட்டியலை மூவர் எடுத்திருந்தனர். ஒருவர் அன்று சோதித்த மாணவி. மற்றொன்று தேடுபொறி ஒன்றின் தானியங்கி. அதன் நிறுவனத்துக்கு எழுதித் தேடல் முடிவிலிருந்து நீக்கச் செய்தோம். மூன்றாமவர் யார் என்று தெரியவில்லை. அந்த எண் ஒரு கைப்பேசி நிறுவனத்துடையது. ஓர் எண்ணை ஒரே நேரத்தில் எத்தனையோ பேர் பகிர்ந்துகொள்கின்றனர். அதுவும் பதினான்கு நாளைய கணக்கே. அதற்கு முந்திய குறிப்புகளை வழங்கி வழக்கப்படி அழித்துவிட்டிருந்தது. பட்டியல் அங்கே கிடந்ததோ பதினொரு வாரம்.

412 பேருக்கும் நடந்ததை எழுதினேன். ஏழு நாள் ஆயிற்று. பலர், 'பரவாயில்லை ஐயா' என்றே விடை எழுதினர். சிலர் கடிந்து எழுதினர், அது முறைதான். ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். நான் எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லித் தந்தவர். "ஐயா, என் முகவரி ஒருவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் ஊர் மாறி வந்தேன். பள்ளி கேட்கிறது என்பதால் கொடுத்தேன். யார் எடுத்தார்கள் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார். என்னால் சொல்ல இயலவில்லை. அவர் கோபிக்கவில்லை. இரண்டு திங்களில் அவர் மீண்டும் வீடு மாறினார் என்று கேள்விப்பட்டேன். புதிய முகவரியை நான் கேட்கவில்லை.

இறுதித் தேர்வு செய்முறைத் தேர்வு. ஆசிரியை ஒவ்வொருவருடைய வழங்கியிலும் மூன்று பழுதுகளை ஒளித்து வைத்தார்; காலம் ஒரு மணி. முதலாவது, எஞ்சின்-எக்ஸ் அமைப்புக் கோப்பில் விடுபட்ட ஓர் அரைப்புள்ளி. சோதனைக் கட்டளை பிழை இருந்த வரியைச் சுட்டாமல் அடுத்த வரியைச் சுட்டும். விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு அது விரைவில் அகப்பட்டது. இரண்டாவது, காலாவதியான சான்றிதழ். அது என் பழைய நண்பன். மூன்றாவதுதான் வாட்டியது. பக்கத்தைக் கேட்டால் 403 வருகிறது. கோப்பின் அனுமதியோ 644, சரியாகவே இருக்கிறது. பக்கத்திலிருந்தவர் 777 இட்டுப் பார்த்தார், அப்போதும் திறக்கவில்லை. ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் ஒரு படி வெளியே வந்து பார்த்தேன். வெளி அடைவுக்கு 700 இட்டிருந்தார். அறைக்கதவு திறந்திருக்கிறது, தெருக்கதவு பூட்டியிருக்கிறது! அடைவுக்குள் நுழைவதற்கு அந்த 1 வேண்டும். 755 என்று மாற்றினேன், பக்கம் வந்தது. என் மதிப்பெண் 78. என் பிழையைக் கண்டுபிடித்த மாணவிக்கு 97.

ஆண்டு மலர்த் தளத்தை இன்றும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சான்றிதழ் தானே புதுப்பித்துக்கொள்கிறது. கடவுச்சொல் இட்டு அந்தப் பட்டியலை மறுபடி ஏற்றலாமே என்று பள்ளியில் கேட்டார்கள், நான் இசையவில்லை. அது தாளில் அச்சாகிப் பள்ளி அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. வேண்டுவோர் நேரில் வந்து, கையெழுத்திட்டுப் பார்க்கலாம்.