விழாப் பணிகளை வரைந்து பார்ப்போம்



ஆண்டுதோறும் நாம் நடத்தும் பரிசளிப்பு விழாவில் ஆர்வத்திற்கு என்றும் குறைவில்லை. ஆயினும் ஒரு தவற்றை இம்மேடையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு மாலை 4 மணிக்கே பரிசுகளை வழங்கி முடித்துவிட்டோம். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கச் சென்ற தாய்மார்கள் ஊர் திரும்பியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பிள்ளை பரிசு பெற்றதைப் பெற்றவள் காணவில்லை.

இதில் யார்மீதும் பழி கூறுவதற்கில்லை. சிறப்பு விருந்தினர் இரவுக்குள் மதுரை திரும்ப வேண்டும் என்றார், பந்தற்காரர் அன்றே கழிகளைக் கேட்டார், நேரம் முன்தள்ளப்பட்டது. அவரவர் வேலையை அவரவர் செவ்வனே செய்தோம். முழு வேலையையும் ஒருசேரப் பார்த்தவர் எவருமில்லை.

அதற்கு வழி உண்டு. 1921-ஆம் ஆண்டில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்னும் தம்பதியர், ஒரு வேலையைப் படிப்படியாக வரைந்து காட்டும் முறையை அமெரிக்கப் பொறியாளர்கள்முன் எடுத்துரைத்தனர். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. காய் பறித்தல், கழுவுதல், ஸ்டோரில் உலர்த்துதல், தூசு நீக்குதல், சலித்துத் தரம் பிரித்தல், மூட்டை கட்டுதல் என்னும் வரிசையை நம் தாய்மார்கள் நன்கறிவார்கள். பறித்த காய் காலத்தே உலர்த்துமிடம் சேராவிடில் அதன் பச்சை நிறம் கெடும் என்பதையும் அறிவார்கள்.

விழாவையும் அவ்வாறே வரைவோம். ஒரு பெரிய தாளை விரித்து, அதன் முடிவில் ‘பெற்றோர் முன்னிலையில் பரிசு’ என்று முதலில் எழுதுவோம். அங்கிருந்து பின்னோக்கி வருவோம். பெற்றோர் வர ஜீப்புகள் இறங்க வேண்டும். ஆகவே தொடக்கம் இரவு 7 மணி. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே சொற்பொழிவுகள் குறைய வேண்டும். விருந்தினர் தங்க இடம் வேண்டும். பந்தலுக்கு மறுநாள் காலைவரை வாடகை பேச வேண்டும். வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அதனுள் செய்பவர் பெயர், அவருக்கு மாற்றாள், முடிக்கும் நாள். அடுத்த வேலைக்கு ஓர் அம்புக்குறி. இவ்வளவே.

இவை சில்லறை வேலைகள் என எண்ணற்க. 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மகாடில் கூடிய மாநாட்டிற்குக் குடிநீரையே 40 ரூபாய் கொடுத்து வாங்க நேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில், உள்ளூர் வணிகர் ஒத்துழையாமையால், உணவுப்பொருள்களை வெளியிலிருந்து முன்கூட்டியே சேர்த்தனர். அம்மாபெரும் போராட்டத்தின் பின்னே தண்ணீரையும் அரிசியையும் கணக்கிட்ட தொண்டர்கள் இருந்தனர்.

இளைஞர்களே! இவ்வாண்டு அத்தாளை நீங்களே வரைந்து சங்கச் சுவரில் ஒட்டுங்கள். வரையுமுன், தோட்டத்திற்குச் செல்லும் தாய்மார்களிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேளுங்கள். முதற்கட்டத்தில் அவ்விடையையே எழுதுங்கள்.