கிளட்ச்சை மிதிச்சா சத்தம் வருதா, போகுதா?

இந்த வாரம் கோடிங் பத்தி எதுவும் இல்ல. கார் பத்திப் பேசப்போறேன். கேட்டு முடிக்கும்போது இதுவும் ஒரு டீபக்கிங் கதைதான்னு உங்களுக்கே தோணும். தப்பா டீபக் பண்ணினது நான்தான்.

என்கிட்ட இருக்கிறது ஒரு செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். வாங்கும்போதே 70,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. தினமும் ஓஎம்ஆர் டிராஃபிக். ஒருநாள் சோழிங்கநல்லூர் சிக்னல்ல நியூட்ரல்ல நிக்கும்போது முன்பக்கத்துல இருந்து ஒரு ஊளை. மெல்லிசா, மிக்ஸி தூரத்துல ஓடுற மாதிரி. ஒரு வாரத்துல அது கொஞ்சம் கரகரன்னு ஆச்சு. காலைக் கிளட்ச்ல வெச்சா சத்தம் மாறுது. அப்போ கிளட்ச்தானே? ரெண்டு வீடியோ பார்த்தேன். "ரிலீஸ் பேரிங்"னு ஒரு வார்த்தை கிடைச்சது. நேரா ஒர்க்‌ஷாப் போய், "அண்ணா, கிளட்ச்ல சத்தம் வருது, ரிலீஸ் பேரிங் போயிருக்கும்னு நினைக்கிறேன்"னு சொன்னேன்.

அவரும் சரின்னுட்டார். கியர்பாக்ஸ் இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் புதுசா போட்டுக் கொடுத்தார். பில் 11,400 ரூபாய். வண்டியை எடுத்துட்டு வந்து முதல் சிக்னல்ல நின்னேன். அதே ஊளை.

அவர் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா பொய். ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா, நான் கொடுத்தது எவ்வளவு மோசமான பக் ரிப்போர்ட்னு புரிஞ்சுது. கஸ்டமர் ஒருத்தர் டிக்கெட்ல "ஆப் ஸ்லோ" எனக்கூட எழுதாம, நேரா "டேட்டாபேஸை மாத்துங்க"னு எழுதினா நமக்கு எப்படி இருக்கும்? அதையேதான் நான் பண்ணியிருக்கேன். சத்தம் எப்போ வருது, எப்போ நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. பார்ட் பேரை மட்டும் சொன்னேன்.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். கிளட்ச்ங்கிறது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற ஒரு சுவிட்ச். நீங்க பெடல்ல இருந்து காலை எடுத்தா, கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோட இறுக்கமா ஒட்டிக்கும். நியூட்ரல்ல வண்டி நின்னுட்டு இருந்தாலும் கியர்பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் இன்ஜினோட சேர்ந்து சுத்திட்டே இருக்கும். அதைத் தாங்குற பேரிங்கும் சுத்தும். இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. நியூட்ரல்னா கியர்பாக்ஸ் தூங்குதுன்னு நினைச்சுக்கிறோம். இல்ல, பாதி முழிச்சுட்டுத்தான் இருக்கு.

பெடலை முழுசா மிதிச்சா இது அப்படியே தலைகீழ். பிளேட் விடுபட்டுடும். இன்புட் ஷாஃப்ட் வேகம் குறைஞ்சு நின்னுடும். அதே நேரத்துல ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட் மேல அழுத்திட்டு, முழு லோடோட சுத்தும்.

இப்போ என் சத்தத்துக்கு வாங்க. பெடலை விட்டா வருது, மிதிச்சா போகுது. ரிலீஸ் பேரிங் கெட்டிருந்தா மிதிக்கும்போதுதான் கத்தணும். அது வேலை செய்ற நேரத்துல என் வண்டி அமைதியா இருந்தது. அப்போ குற்றவாளி அது இல்ல. நிக்கிறப்போ அமைதியாகுறது இன்புட் ஷாஃப்ட் பக்கம். இன்னொரு சின்ன அடையாளமும் இருந்தது. மிதிச்ச உடனே சத்தம் வெட்டின மாதிரி நிக்கல. ஃபேனை ஆஃப் பண்ணினா இறங்குற மாதிரி, ஒரு செகண்டுல இறங்கி நின்னது. ஏதோ ஒண்ணு சுத்தி ஓயுற சத்தம். 11,400 ரூபாய்க்கு முன்னாடி ஒரு நிமிஷம் செலவு பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

ரெண்டாவதா ஒரு பெரியவர்கிட்ட போனேன். முப்பது வருஷமா கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் பார்க்கிறார். இந்தத் தடவை பார்ட் பேரே சொல்லல. "நியூட்ரல்ல, பெடலை விட்டா சத்தம் வருதுண்ணா, மிதிச்சா ஒரு செகண்டுல நிக்குது, ரேஸ் பண்ணா கூடுது"ன்னு மட்டும் சொன்னேன். நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை கியர்பாக்ஸ் மேல வெச்சு, கைப்பிடியைக் காதுல வெச்சார். "தம்பி, மிதி. விடு. மிதி." அவ்வளவுதான். அப்புறம் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, கியர் ஆயில் ஊத்துற ஓட்டையோட நட்டைக் கழட்டி விரலை விட்டார். ஆயில் அந்த ஓட்டை மட்டத்துல இருக்கணும். விரல் காய்ஞ்சு வந்தது. இடது பக்க டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் கசிஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா ஆயில் போயிருக்கு. எண்ணெய் இல்லாம பேரிங் அரிச்சிருச்சு. பிரிச்சப்போ அந்த இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைக் கையில கொடுத்தார். சுத்தினா மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. பல்சக்கரங்கள் தப்பிச்சது அதிர்ஷ்டம். இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தா பாக்ஸையே மாத்தியிருப்பேன்.

இதுல எனக்கு இன்னும் உறுத்துற விஷயம்: முதல் தடவை பாக்ஸ் கீழ இறங்கியிருந்தபோதே அந்தச் சீலும் ஆயிலும் கண்ணுக்கு எதிரே இருந்திருக்கு. கிளட்ச் வேலையில பெரிய செலவு லேபர்தான். பாக்ஸ் இறங்கினா சீல் எல்லாம் பாருங்க, ஆயில் மாத்துங்கன்னு நீங்களே கேளுங்க. ஆயில் எதுன்னு மேனுவல் புக்ல போட்டிருக்கும், அதையே ஊத்தச் சொல்லுங்க. ஜிஎல்-4 கேட்கிற பாக்ஸ்ல "இது இன்னும் ஒசத்தி"ன்னு ஜிஎல்-5 ஊத்தினா, சில வகை ஆயில்ல இருக்கிற கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளைப் பாதிக்கலாம்.

இப்போ உங்க வண்டி. திறந்த இடத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல இன்ஜினை ஓட விடுங்க. ஏசி, பாட்டு ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. பெடலை ரொம்ப மெதுவா மிதிங்க. மிதிக்க மிதிக்க சத்தம் ஆரம்பிச்சா ரிலீஸ் பேரிங். லேசா கால் வெச்ச உடனே, இன்னும் கிளட்ச் பிரியறதுக்கு முன்னாடியே, கடகடப்பு நின்னுட்டா அதுவும் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங் பக்கம்தான், லூஸா ஆடிட்டு இருக்கும். முழுசா மிதிச்சா மட்டும் போகுதுன்னா என் கதை. மிதிச்சாலும் விட்டாலும் ஒரே மாதிரின்னா பாக்ஸை விட்டுட்டு பெல்ட் பக்கம் போங்க. ஆல்டர்னேட்டர் பேரிங் இதே மாதிரி ஊளையிட்டு ஏமாத்தும். ஒரு எச்சரிக்கை: ஐடில்ல லேசான கடகடப்பு நிறைய வண்டிகள்ல புதுசுலயே இருக்கும். முன்னாடி இல்லாம இப்போ வந்ததா, வாரா வாரம் வளருதாங்கிறதுதான் கேள்வி.

ஓடும்போது மட்டும் வர சத்தம் வேற கதை. ஒரே ஒரு கியர்ல மட்டும்னா அந்தக் கியர் ஜோடி. எல்லாக் கியர்லயும் வந்து, காலி ரோட்டுல நியூட்ரல் போட்டு உருள விட்டாலும் வேகத்தோட சேர்ந்து ஊளை இருந்தா, வீல் பேரிங், டிஃபரன்ஷியல், இல்லைன்னா டயர். இந்த டெஸ்ட்ல இன்ஜினை ஆஃப் பண்ணிடாதீங்க, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி ஆயிடும். வலது பக்கம் வளைக்கும்போது கூடினா இடது வீல் பேரிங் மேல சந்தேகப்படுங்க, லோடு அந்தப் பக்கம்தான் சாயும். ஸ்டீயரிங் முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது டக் டக் டக்னா ஆக்சில் ஜாயின்ட்.

கியர் போடும்போது கர்ர்னா? ஒரு கியர்ல மட்டும்னா சிங்க்ரோ தேஞ்சிருக்கும். எல்லாத்துலயும்னா கிளட்ச் முழுசா பிரியல. கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்ல இருந்து ஆரம்பிங்க. ரிவர்ஸ்ல மட்டும்னா பயப்படாதீங்க, நிறைய வண்டிகள்ல ரிவர்ஸுக்கு சிங்க்ரோவே கிடையாது. மிதிச்சுட்டு மூணு செகண்ட் பொறுத்துப் போடுங்க.

உங்க வண்டி சத்தத்தை எனக்கு அனுப்புறதா இருந்தா, பத்து செகண்ட் பெடலை விட்டு, பத்து செகண்ட் மிதிச்சு, ஒரே வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. எப்போ மிதிச்சீங்கன்னு வாயால சொல்லுங்க. "ப்ரோ, கியர்பாக்ஸ் போச்சு"ன்னு மட்டும் அனுப்பாதீங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.