முதல் வீடும் சேமிப்புக் கணக்கும்

'வீட்டைக் கட்டிப் பார். கலியாணத்தைச் செய்து பார்' என்பது பழமொழி. கட்டத் தொடங்கிய பிறகே வீட்டின் தொல்லை தெரியும் என்பது அதன் கருத்து. இக்காலத்திலோ அத்தொல்லை பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மாணவ நண்பர்களே! நீங்கள் வேலைக்குச் சென்று முதல் வங்கிக் கணக்கைத் திறக்கும் நாளிலேயே அது தொடங்குகிறது எனலாம். வீடு வாங்கக் கருதுவோர் எந்தக் கணக்கில் சேமிப்பது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில், எவ்வளவு சேமிக்கவேண்டும்? தமிழ்நாட்டில் 40 லட்ச ரூபாய் மதிப்புள்ள தனி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வங்கி முழு விலையையும் கடனாகத் தாராது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 80 பங்கைத் தாண்டலாகாது. ஆகவே 8 லட்சம் நம்முடையதாக இருக்கவேண்டும். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. இவை 3,60,000 ரூபாய். இச்செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கேட்கவும் இயலாது. ஆக, 11,60,000 ரூபாய் வேண்டும். மாதம் 12,000 ரூபாய் வீதம் சேர்த்தால் இதற்கு ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஆகும். வட்டி சேர்ந்தால் காலம் சற்றே குறையும்.

எட்டு ஆண்டு உழைப்பை எங்கே வைப்பது? வட்டி எங்கே மிகுதி என்றுதான் பலரும் கேட்கின்றனர். முதலுக்கு என்ன காப்பு என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

1906-ஆம் ஆண்டு சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். அந்த அதிர்ச்சியின் விளைவாகவே 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960-இல் கேரளத்தின் பலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன்பின் 1962-இல் வைப்புக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று காப்புத் தொகை 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமாக உயர்த்தப்பட்டது.

இந்த 5 லட்சத்தின் பொருளைப் பலர் சரியாக உணர்வதில்லை. ஒருவர் ஒரே வங்கியின் பல கிளைகளில் பல கணக்குகள் தம் பெயரில் வைத்திருந்தாலும், முதலும் வட்டியும் சேர்த்து அவருக்கு 5 லட்சம் வரையே காப்பு உண்டு. ஆகவே 11,60,000 ரூபாயை மூன்று வங்கிகளில் பிரித்து வைப்பதே அறிவுடைமை. நிதி நிறுவனங்களில் இடும் பணத்துக்கும் சீட்டுப் பணத்துக்கும் இக்காப்புறுதி இல்லை. அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு.

2019 செப்டம்பரில் மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியில், ஒரு கணக்கிலிருந்து ஆறு மாதத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என முதலில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பின்னரே அது தளர்த்தப்பட்டது. மறுவாரம் பத்திரப்பதிவுக்கு நாள் குறித்த ஒருவர் அங்கே பணம் வைத்திருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும்!

அடுத்துக் கேட்கவேண்டியது, பணம் என்றைக்கு வேண்டும் என்பது. சேமிப்புக் கணக்கு வீட்டுத் திண்ணை போன்றது. சம்பளம் வந்து தங்கிப் போக அது ஏற்றது. எட்டு ஆண்டுகள் குடியிருக்க ஏற்றதன்று. 2011 அக்டோபர் முதல் சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கிகளே முடிவு செய்கின்றன. ஆதலால் வட்டியோடு, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அது குறைந்தால் கட்டணம் என்ன என்பவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாதந்தோறும் மிஞ்சுவதைத் தொடர் வைப்பில் இடுங்கள். அது முதிர்ந்ததும், வீடு வாங்கக் கருதும் காலத்தில் முதிரும்படி நிலை வைப்பாக்குங்கள். ஒரே பெருந்தொகையாக இடாமல் சில பகுதிகளாக இட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் முறித்துக்கொள்ளலாம். மற்றவற்றின் வட்டி குறையாது. பொதுச் சேமநிதி நல்லதே. ஆயினும் அது 15 ஆண்டுத் திட்டம். எட்டாம் ஆண்டில் முழுத் தொகையும் வேண்டுவோர்க்கு அது பொருந்தாது.

வட்டியில் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் வீடு சில மாதங்கள் தள்ளிப்போகும். முதலே போனால் எட்டு ஆண்டுகளை மீண்டும் தொடங்கவேண்டும். முதற் கணக்கைத் திறக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.