ஏவுகணைத் தடுப்பும் அதன் யோக்கியதையும்



இன்று நாம் பேச வந்த விஷயம், ஆகாயத்தில் வரும் ஏவுகணையைத் தரையிலிருந்து இன்னொரு கணையை விட்டு அழிக்கும் யந்திரத்தைப் பற்றியதாகும். இதில் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். குண்டு விழுந்தால் ராணுவத்தார் தலையில் மாத்திரம் விழாது. உழுகிறவன், நெய்கிறவன், குழந்தை குட்டிகள் எல்லோர் தலையிலுந்தான் விழும். ஆகவே "பயப்படாதீர்கள், கேடயம் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது நிஜந்தானா என்று கேட்க ஒவ்வொருவருக்கும் பாத்தியதை உண்டு.

1991-ம் வருஷத்து வளைகுடா யுத்தத்தையே எடுத்துக்கொள்ளுவோம். ஈராக்கார் ஸ்கட் என்னும் ஏவுகணைகளை இஸ்ரேல் மீதும் சவூதி அரேபியா மீதும் விட்டார்கள். அமெரிக்கர்கள் பேட்ரியாட் என்னும் எதிர்க்கணையை விட்டார்கள். ராத்திரியில் பெரிய வெளிச்சம் கண்டது. உலகமே டெலிவிஷனில் பார்த்து, ஸ்கட் ஒழிந்தது என்று நம்பிவிட்டது. பிப்ரவரி 15-ந் தேதி ஜனாதிபதி புஷ் பேட்ரியாட் செய்யும் தொழிற்சாலைக்கே போய், 42 ஸ்கட்டுகளில் 41 தடுக்கப்பட்டன என்று தொழிலாளர் முன்னிலையில் சொன்னார்.

யுத்தம் முடிந்த பிறகு கணக்குப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அமெரிக்காவுக்கு விரோதிகளல்ல. அந்நாட்டுச் சட்டசபையின் சொந்தத் தணிக்கை இலாகாவேயாகும். 1992-ல் அவர்கள் சொன்னதென்னவென்றால், ஸ்கட்டின் குண்டு அழிந்தது என்பதற்குப் பலமான ருஜு இருப்பது 100-க்குச் சுமார் 9 தடவைதான் என்பதாகும். அப்படியானால் "தடுத்தது" என்று சொன்னதற்கு அர்த்தமென்ன? இரண்டு கணைகளும் ஆகாயத்தில் ஒன்றையொன்று கடந்து போயின என்பதுதான் அர்த்தம் என்று ராணுவ அதிகாரி ஒருவர் வியாக்கியானம் செய்தார்! சந்தையில் எதிரெதிரே நடந்துபோன இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைப் பிடித்துவிட்டார் என்று சொல்லுவது போலத்தான் இது. வெளிச்சம் வந்தது வாஸ்தவமே. ஆனால் பேட்ரியாட் தான் வெடித்தாலும் வெளிச்சம் வரத்தானே செய்யும்?

பிப்ரவரி 25-ந் தேதி சவூதியில் தஹ்ரான் என்னுமிடத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கிருந்த யந்திரத்தின் கடியாரம் விநாடியைப் பத்தாகப் பிரித்து எண்ணுவது. அந்த யந்திரக் கணக்கில் இலக்கங்கள் 0, 1 ஆகிய இரண்டே. அதில் பத்தில் ஒன்று என்பதை முடிவாக எழுத முடியாது. ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 33 காசு போய் ஒரு காசு நிற்கிறதல்லவா? அதுபோல ஒரு துளி விட்டுப்போகும். 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டியதில் துளிகள் சேர்ந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். யந்திரம் வேறிடத்தில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று சும்மா இருந்துவிட்டது. ஸ்கட் படைவீட்டில் விழுந்து 28 சிப்பாய்கள் மாண்டார்கள்.

இந்தப் பிசகைப் பற்றி 11-ந் தேதியே இஸ்ரேல்காரர் தெரியப்படுத்தியிருக்கிறார்கள். 21-ந் தேதி, வெகுநேரம் ஓட்டினால் பிசகும் என்று ஒரு தாக்கீது போயிற்று. வெகுநேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை! யந்திரத்தை நிறுத்தி மறுபடி ஓட்டியிருந்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் கடியாரம் சரியாகியிருக்கும். திருத்திய கணக்கு தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ந் தேதி, அதாவது பிணம் விழுந்த மறுநாள்.

இதனால் முயற்சியே வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. பின்னர் வந்த புது பேட்ரியாட் கணைகள் பக்கத்தில் வெடிக்காமல் நேரே மோதும்படி செய்யப்பட்டன. 2023 மே மாதத்தில் கீவ் நகரத்தின் மேல் ரஷ்யாவின் கின்ஷால் ஏவுகணையைப் பேட்ரியாட் வீழ்த்தியதை அமெரிக்க ராணுவ இலாகாவும் ஒப்புக்கொண்டது.

ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வேறு ஜாதி. அதைத் தடுக்க அமெரிக்கர்கள் அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் 2017 முடிவுக்குள் 44 கணைகளைத் தரைக்குள் நிறுத்தினார்கள். 1999 முதல் நடந்த சோதனைகளில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் மோதியிருக்கின்றன. அதுவும் ஏறக்குறைய எப்பொழுது, எங்கிருந்து வரும் என்று முன்னமே தெரிந்த இலக்கு. மோத வேண்டிய இடமோ காற்றே இல்லாத உயரம். 1971-ல் டேவிட் ஸ்காட் சந்திரனில் நின்று சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கீழே விட, இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. அதேபோல அந்த உயரத்தில் அணுகுண்டும் வெறும் பலூனும் ஒரே வேகத்தில்தான் போகும். ஒரு குண்டோடு இருபது பலூனை விட்டால் எதை அடிப்பது? ஹான்ஸ் பெத்தே, ரிச்சர்ட் கார்வின் என்னும் இரண்டு விஞ்ஞானிகள் 1968-லேயே இந்தச் சங்கடத்தை எழுதிவிட்டார்கள். 2025 மே மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி, "தங்கக் கூரை" என்று இன்னும் பெரிய கேடயத்தை மூன்று வருஷத்துக்குள் கட்டுவதாகச் சொல்லி 17,500 கோடி டாலர் மதிப்புப் போட்டார். பலூன் கேள்விக்கு என்ன பதில் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.